ஓனருக்கு எத்தனை வருஷம்?

அறுபத்தெட்டு வயதில் ஞானசம்பந்தம் புது ஸ்கூட்டர் வாங்கினார். மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மனைவி குணவதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பதிவு செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகம் வந்தார். கவுண்ட்டரில் இருந்த பெண் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் விரலைத்தான் கருவியில் வைக்கச் சொன்னாள்.

"உங்க பேர்ல பதிய முடியாது சார். வண்டிக்கு ஆயுசு பதினஞ்சு வருஷம். உங்களுக்கு ஆறுதான் காட்டுது."

"எனக்கு என்ன ஆறு?"

"ஆயுசுதான். வண்டிக்கு முன்னாடி ஓனர் போயிட்டா, பேர் மாத்த யாரு அலையறது? அதான் புது ரூல்."

அவர் கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"ஒம்போது வருஷம் ஓடின பழைய வண்டியா வாங்கிடுங்க சார். உங்களுக்குச் சரியா இருக்கும். அடுத்தது யாரு?"

வாசலில், 'இடைத்தரகர்களை நம்பாதீர்' என்ற பலகைக்குக் கீழேயே புரோக்கர் தங்கராசு நின்றிருந்தான்.

"எத்தனை வருஷம் போட்டாங்க சார்?"

"ஆறு."

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வரீங்க? உள்ள நம்ம ஆளுதான். சாயங்காலத்துக்குள்ள பதினஞ்சாக்கித் தரேன்."

ஞானசம்பந்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வண்டிக்குக் காவல் நின்ற குணவதியை ஒருமுறை பார்த்தார். பிறகு தங்கராசுவின் காதருகே குனிந்தார்.

"அவளுக்கும் அதே பதினஞ்சு போட்டுடுப்பா. கூடக் கொறைய வேண்டாம்."