கறுப்புக் கட்டம்

பிரமிளா ஜார்ஜ் டவுனில் தன் வீட்டிலிருந்தே சனிக்கிழமைதோறும் இணையத்தில் பாலர் வகுப்பு நடத்துகிறாள். திரையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளை முகம் தெரியும். 'குணா' என்று பெயர் போட்ட கட்டம் மட்டும் எப்போதும் கறுப்பு.

"வட்டமா ஒரு பொருள் எடுத்துட்டு வாங்க."

பிள்ளைகள் ஓடினார்கள். துளசி மீன் படம் போட்ட தட்டோடு வந்தாள். குணாவிடம் சத்தமே இல்லை.

வகுப்பு முடிந்ததும் குணாவின் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"கேமராவத் தொறக்கச் சொல்லுங்க லா. பதிலே சொல்லாம பிள்ளை எப்படிக் கத்துக்கும்?"

"கூச்சம் டீச்சர். சும்மா பாத்துக்கிட்டு இருக்கட்டும். தொந்தரவு இருக்காது."

"அப்படியெல்லாம் வெச்சிருக்க முடியாது. போனைக் குடுங்க, நான் பேசறேன்."



"இங்க பிள்ளை யாரும் இல்ல டீச்சர். கடலுக்கு இந்தப் பக்கம், மாக் மண்டின்ல, ஃபேக்டரி குடுத்த ரூம்ல நான் மட்டுந்தான். குணா என் பேரு."

"அப்ப எதுக்கு வகுப்புல சேந்தீங்க?"

"துளசி காட்டுனாளே மீன் தட்டு, அது நான் வாங்கிக் குடுத்தது. அவ என் மக. நாங்க பிரிஞ்சப்புறம் அவ அம்மாகிட்ட இருக்கா. உங்க வகுப்புலதான் அவ முகத்தப் பாக்கறேன்."

பிரமிளா போனை வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை, கறுப்புக் கட்டம் வரும்வரை அவள் பாடத்தைத் தொடங்கவில்லை. வெகுநேரம் கழித்தே அது வந்தது.

"இன்னிக்கு முக்கோணம். துளசி, நீ கொண்டாந்ததைக் காட்டு. கேமரா கிட்ட வா" என்றாள். "இன்னும் கிட்ட வாம்மா."