முப்பது நிமிடம்

குவாரியில் மருந்து வைத்த பத்துக் குழியில் எட்டுதான் வெடித்தது. வெடிக்காத குழிப் பக்கம் முப்பது நிமிடத்துக்கு யாரும் போகக் கூடாது. வெடி வைத்த வேம்பரசியோ மறைவை விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

துளை போடும் வேலை பார்க்கும் நாத்தனார் செவ்வந்தி ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்து, பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும் அண்ணி?"

"முப்பது நிமிஷம்," என்றாள் வேம்பரசி சட்டென்று. "கைய விடு. அதான் ஆயிடுச்சே."

"ஒரு நிமிஷங்கூட ஆகல."

பாதுகாப்பு விதிகளைக் கேள்வி கேட்கும் மொபைல் கேம் ஒன்று உண்டு; அதில் ஜெயித்தவர்களுக்குத்தான் இப்போது வெடி உரிமம். அதில் 'முப்பது நிமிடம்' என்ற விடையைத் தொட்டதும் ஒரு மணல்கடிகாரம் வரும். ஆடுகிறவருக்குச் சலிப்புத் தட்டக் கூடாது என்று மூன்றே விநாடியில் கொட்டி முடிந்துவிடும். அதை நாலாயிரம் தடவை ஆடி மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள் வேம்பரசி. செவ்வந்தி நின்று யோசித்து யோசித்தே தோற்றுப்போனவள்.

"பொறாம உனக்கு."

"ஆமா, பொறாமதான். உக்காருங்க."

பதினோராவது நிமிடம் ஒரு குழி வெடித்தது. அந்தக் குழி இருந்த இடத்தில் பாறையே இல்லை. வேம்பரசி நாத்தனாரின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

"இன்னொரு குழி இருக்கு அண்ணி. திரும்பவும் முப்பது நிமிஷம்."

"தெரியும்டி," என்றாள் வேம்பரசி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து அந்தக் குழியைப் பார்த்து நடந்தாள்.