மாடிக்குப் போகாத பத்திரிகை

"கீழ எல்லாம் சரியாத்தான் இருக்குது தம்பி. கோளாறு மேலதான். போய் மாடிக்காரரைக் கேளுங்க," என்றார் சவுரிராயன், கம்ப்யூட்டர் பார்க்க வந்தவனிடம்.

மாடிக்காரர் என்று அவர் சொன்னது சொந்தத் தம்பி மரிய அருணை. திண்டிவனத்தில் இருவரும் சேர்ந்து போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார்கள். அண்ணன் படம் எடுப்பார், தம்பி ஆல்பம் செய்வார். ஓமந்தூர் கல்யாணம் ஒன்றில் எடுத்த படங்கள் மெமரி கார்டோடு அழிந்துபோயின. அழித்தது நீதான் என்று ஆளுக்கு ஆள் சொல்லி, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றதில், பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது.

தொழில் மட்டும் நிற்கவில்லை. அண்ணனிடம் விண்டோஸ், தம்பியிடம் லினக்ஸ், நடுவில் ஒரு கேபிள். தம்பி கம்ப்யூட்டரில் இருக்கும் பொது ஃபோல்டரில் அண்ணன் கீழேயிருந்தே படங்களைப் போடுவார். தம்பி எடுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை செலவில்லை.

இன்று காலை முதல் அந்த ஃபோல்டர் அண்ணனுக்குத் தெரியவில்லை. விழுப்புரத்திலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் தேவநாதனை வரவழைத்திருந்தார்.

"அவசர ஆல்பமாண்ணா?"

"ஆல்பம் இல்ல. ஞாயித்துக்கிழமை எம்பொண்ணு மெர்லினுக்குப் புதுநன்மை, சர்ச்சுல முதல் தடவையா நற்கருணை வாங்குது. பத்திரிகைய அவருக்கு அனுப்பணும்."

"மாடிக்குத்தானே? பதினாலு படிண்ணா."

காபியோடு வந்த அவர் மனைவி அமல்ராணி பிடித்துக்கொண்டாள். "நல்லா கேளுங்க தம்பி. கூடப் பொறந்தவனை ஃபோல்டர்ல போட்டு அழைக்கிற ஆளை எங்கனா பார்த்துக்கிறீங்களா? பத்திரிகைய கையில குடுத்து, வாயால வான்னு சொன்னாதானே அழைப்பு? சித்தப்பா வரலன்னா நானும் கோயிலுக்கு வரமாட்டேன்னு பொண்ணு அழுதுகினு கிடக்குது."

"பென்டிரைவ்ல போட்டு அண்ணிகிட்ட குடுத்து அனுப்பலாமே," என்றான் தேவநாதன்.

"வைரஸ் வரும்," என்றார் சவுரிராயன்.

வீம்புக்கு எந்தக் கடையிலும் மருந்து விற்பதில்லை. தேவநாதன் மேசைக்கு அடியில் குனிந்து கேபிளை அழுத்திப் பார்த்தான். விளக்கு எரிந்தது. காபியைக் குடித்துவிட்டு மாடிக்கு ஏறினான்.

மரிய அருண் வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா சொல்றாரு?"

"பத்திரிகை அனுப்பணுமாங்க."

"ஃபோல்டர்லயா?"

"ஆமாங்க."

மரிய அருண் எழுந்து இடம் விட்டான். தேவநாதன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு படிக்கட்டுப் பக்கம் போய்க் குரல் கொடுத்தான்.

"அண்ணா, இப்ப பாருங்க. தெரியுதா?"

"தெரியல," என்றார் சவுரிராயன் கீழேயிருந்து.

இரண்டு பக்கமும் ஒர்க்குரூப் பெயர் ஒன்றா என்று மேலேயிருந்தே கேட்டுப் பார்த்தான். ஒன்றுதான். "பாஸ்வேர்டு இன்னா குடுக்குறாரு?"

"எங்க அம்மா பேரு. லூர்துமேரி. முதல் எழுத்து பெருசா இருக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்றான் மரிய அருண்.

"எனக்கும் அம்மாதான், தெரியும்னு சொல்லுங்க," என்றது கீழ்க்குரல்.

தேவநாதன் சொல்லத் தேவையிருக்கவில்லை. இப்படியே ஒரு மணி நேரம் போனது. ரீஸ்டார்ட் செய்தார்கள். ஐபி நம்பரை அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து அதே பதில்தான் வந்தது. கடைசியில் தேவநாதன், கீழேயிருந்து வரும் கேபிளைச் செருகியிருந்த சுவர் மோடத்தின் விளக்குகளை நின்று நிதானமாகப் பார்த்தான். பிறகு படிக்கட்டின் தலைப்பில் போய் நின்றான்.

"அண்ணா, அங்க இருந்து ஆவாதுங்க. நீங்களே மேல வந்தாத்தான் ஆவும்."

கீழே நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒவ்வொரு படியாகச் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. பின்னாலேயே அமல்ராணியும் வந்தாள்.

சவுரிராயன் கதவருகே நின்று கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார். "இன்னா கோளாறு?"

"தெரியலண்ணா," என்றான் மரிய அருண்.

அந்த 'அண்ணா' இரண்டு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சொல். சவுரிராயன் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தாராம்.

"ஞாயித்துக்கிழமை காலைல பூசை. மெர்லினுக்கு மெழுகுவத்தி ஏத்திக் குடுக்கறது நீதான். வாடா."

"வர்றேண்ணா." பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"மாதாவே, உனக்கு நன்றி," என்று அமல்ராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேவநாதன் சத்தமில்லாமல் கீழே இறங்கி, மேசைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து எழுந்தான். ஃபோல்டர் தெரிந்தது. அமல்ராணிக்கு அவனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. ஒரு பை நிறைய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, திணித்தாள்.

வழியனுப்ப மரிய அருணே வாசல் வரை வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ரொம்ப நன்றிங்க. வந்து உக்காந்ததுமே கண்டுபிடிச்சிருப்பீங்க, ஃபோல்டர் ஷேரிங்கை நிறுத்தி வெச்சது நான்தான்னு. பத்திரிகை ஃபோல்டர்ல வந்துட்டா அண்ணன் மேல வராமலே இருந்துடுவாருன்னுதான் அப்படிப் பண்ணேன். காட்டிக் குடுக்காம ஒரு மணி நேரம் இழுத்தீங்களே, மறக்க மாட்டேன்."

தேவநாதன் மல்லாட்டைப் பையை வண்டியில் மாட்டினான்.

"நான் எங்கங்க இழுத்தேன்? நீங்க நிறுத்தினதை அஞ்சே நிமிஷத்துல ஓட வெச்சிட்டேன். அதுக்கப்புறம் வராததுக்குக் காரணம், நான் மாடி ஏறினதும் உங்க அண்ணன் கீழ கேபிளைக் கழட்டி வெச்சதுதாங்க."