எந்தக் கால்

டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

பூபதி டீ வாங்க ஓடினான். சந்தோஷம் வந்தால் அவனுக்கு டீ வேண்டும்.

அவன் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அத்தை, பூபதியின் அம்மா.

மூன்று வாரப் பயம் பாதி இறங்கியிருந்தது. பாதிதான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் ஒரு பாதம் உள்பக்கமாகத் திரும்பித் தெரிந்தது. கூடவே வேறு கோளாறும் இருக்குமோ என்று வயிற்றில் ஊசி போட்டு, பனிக்குடத் தண்ணீர் எடுத்து, மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

இன்றைக்கு ரிசல்ட்.

வேறு ஒன்றும் இல்லை. கால் மட்டும்தான். பிறந்ததும் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டால் நேராகிவிடும்.

நேராகும், சரி.

நடக்குமா? ஓடுமா? கூட்டாளிகள் பட்டப்பெயர் வைக்காமல் விடுவார்களா?

டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நன்றாக நடக்கும் என்று இரண்டு தடவையும் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தானே சொல்வார்கள்.

அத்தை கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

“கண்ணு, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கத்தை.”

“அன்னிக்கு டாக்டரம்மா கேட்டாங்கல்ல, சொந்தத்துல ஆருக்காச்சும் இப்படி இருந்துச்சான்னு.”

கேட்டார். தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டு, தாத்தன் பாட்டி வரைக்கும் கேட்டார். ‘எங்க பக்கம் அத்தன பேரும் குதிரையாட்ட நடப்போமுங்க’ என்று முந்திக்கொண்டு சொன்னது அத்தைதான். அன்றிலிருந்து இவள் வீட்டுப் பக்கம்தான் விசாரணை. சித்தப்பா நொண்டுவது தென்னையிலிருந்து விழுந்ததால் என்று சொல்லியும் அத்தை நம்பவில்லை.

“பூபதிக்கு இருந்துச்சு,” என்றாள் அத்தை, தரையைப் பார்த்து.

அவள் திரும்பினாள்.

“பொறக்கறப்பவே. ஒத்தக் காலு. எட்டாம் நாள்ல இருந்து கட்டு. ஆராச்சும் பாக்க வந்தா, கொழந்தை தூங்குதுன்னு தொட்டில மூடி வெச்சிருவேன். ஆறு மாசம் தூங்குன கொழந்தை ஊருக்குள்ள இவன் ஒருத்தன்தான்.”

“அவருக்குத் தெரியுமா?”

“ஆரு சொன்னா? வெளிய தெரிஞ்சா உங்கப்பன் பொண்ணு குடுத்திருப்பானா?”

கோபம் வர வேண்டிய இடம். வரவும் வந்தது. பின்னாலேயே சிரிப்பு வந்து அதைத் தள்ளிவிட்டது.

“எந்தக் காலுங்கத்தை?”

அத்தைக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது.

“ரெண்டு வருசமாக் குடித்தனம் பண்ற. தேருக்கு மூணு மணி நேரம் வள்ளி கும்மி ஆடுனான், நீ முன்னால நின்னு பாத்த. நீயே சொல்லு.”

அவள் யோசித்தாள். கும்மி. வண்டியை உதைத்துக் கிளப்புகிற கால். மொட்டைமாடிப் படி. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கும் இரண்டு பாதங்கள்.

வராந்தாவின் அந்தக் கோடியில் பூபதி வந்துகொண்டிருந்தான். இரண்டு கைக்குள் மூன்று டீ.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

“என்ன, எதையாச்சும் மிதிச்சுட்டு வந்துட்டனா?” என்று குனிந்து செருப்பைப் பார்த்தான் அவன்.

டீக்களை வாங்கி அத்தையிடம் கொடுத்தாள்.

“மாமா, அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

போனான். எதிரே வந்த நர்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டான். தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

அவள் இடது காலைப் பார்த்தாள்.

வலது காலைப் பார்த்தாள்.

அத்தை டீயை ஊதிக்கொண்டே வேறு எங்கோ பார்த்தாள்.

“இன்னொருக்கா மாமா,” என்றாள் அவள்.