ஒரே தாளில் பிறந்தவர்கள்

ஓர் ஆல்பத்தில் பழைய அமெரிக்க ஐந்து டாலர் நோட்டு ஒன்று குடியிருந்தது. அந்தக் காலத்தில் அங்கே தனியார் வங்கிகளும் தங்கள் பெயரில் நோட்டு வெளியிடும்; இதை வெளியிட்ட சிற்றூர் வங்கி மூன்றே வருடத்தில் திவாலாகிவிட்டது. அந்த வங்கியின் நோட்டுகளில் உலகத்திலேயே மிஞ்சியது அது ஒன்றுதான் என்று நம்பியதால், சேகரிப்பவர்கள் அதற்கு ஒரு வீட்டின் விலை சொன்னார்கள்.

அதற்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரிய வங்கி நோட்டிடம், "உங்கள் வங்கி இன்னும் நன்றாக நடக்கிறதாமே, பாவம்" என்று அடிக்கடி துக்கம் விசாரிக்கும்.

ஒருநாள் ஆல்பத்தின் சொந்தக்காரர், ஏலத்தில் எடுத்த இன்னொரு நோட்டை எதிர்ப் பக்கத்தில் செருகினார். அதுவும் அதே சிற்றூர் வங்கியுடையது.

"அண்ணா, என்னைத் தெரிகிறதா? ஒரே தாளில் அச்சாகி, உனக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தேனே. நம்மைக் கத்தரித்த பிறகு இன்றைக்குத்தான் உன்னைப் பார்க்கிறேன்" என்று அது தழுதழுத்தது.

"நினைவில்லையே" என்றது நம் நோட்டு. சொந்தக்காரர் அதன் விலையை அழித்துவிட்டுப் பாதியாக எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் ஆல்பத்தை மூடிவிட்டுப் போனதும், காகிதம் தின்னும் பூச்சி ஒன்று உள்ளே நுழைந்தது. மற்ற நோட்டுகள் நடுங்கின. நம் நோட்டு மட்டும் உபசரித்தது.

"வாங்க, வாங்க. எதிர்ப் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அங்கிருந்து ஆரம்பியுங்கள்."

பூச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "உங்கள் தம்பி மாதிரி இருக்கிறாரே?"

"மாதிரி என்ன, கூடப்பிறந்த தம்பியேதான். இல்லாவிட்டால் உங்களுக்கு ஏன் சிரமம் கொடுக்கப்போகிறேன்?"