தோங்குக்கு யார் கொடுத்தது?

"வாயைத் திறய்யா!"

ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றும் பாராமல், வான்பென் தன் கணவர் பிரயூனின் வாயருகே மூக்கை நீட்டினாள். தேங்காய்ப்பால் வாசனை வந்தால் மனுஷன் தொலைந்தார்.

"வெறும் காப்பிதான்டி குடிச்சேன்!"

"அப்புறம் எப்படிய்யா சர்க்கரை நானூத்தி எண்பதுக்கு ஏறுச்சு?"

யாருக்கோ வந்த வியாதி மாதிரி, மேஜைமேல் படுத்திருந்த தோங் கொட்டாவி விட்டது. வான்பென் பிள்ளையாக வளர்க்கும் நாய் அது. ஒரு கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்துவிட்டது.

"யாரோ இனிப்பு கொடுக்குறாங்க, பெரியம்மா," என்றாள் கால்நடை டாக்டர் நிச்சா. "இப்படியே போனா கண்ணு மட்டுமில்ல, உயிருக்கே ஆபத்து."

"வேற யாரு, இவருதான்! தான் ஒரு வாய் தின்னா அதுக்கும் ஊட்டாம இருக்க மாட்டாரு."

"அடிப்பாவி! பத்து நாளா என்னைத் தம்பி வீட்டுக்குத் துரத்தி வெச்சிருக்கியே. அங்கேருந்தா ஊட்டினேன்?"

வான்பென்னுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இது போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

'நான் இருக்கேனே' என்று சொல்ல வாயெடுத்த பிரயூன், வம்பெதற்கு என்று அடக்கிக்கொண்டார்.

"நான் என்ன குறை வெச்சேன் டாக்டர்? வேளை தவறாம ரெண்டு ஊசி. கோழிக்கறியைக்கூட எடை பார்த்துத்தான் போடுறேன். வாசல்ல வீட்டைக் காக்குற நிலத்துச் சாமிக்கும் வேண்டிக்கிட்டேன். சர்க்கரை ஏறிடுச்சுன்னு நீங்க சொல்றப்பெல்லாம் படையலைக் கூட்டிடுவேன். ஒரு டம்ளர் சிவப்பு சோடா இப்போ மூணு டம்ளர். அது போக மாம்பழம், தேங்காய்ப்பால் சோறு, முட்டை இனிப்பு..."

எழுதிக்கொண்டிருந்த நிச்சாவின் பேனா நின்றது. "சாமி மாடம் தூண்மேல உயரத்துலதானே இருக்கும்?"

"தோள்வலி வந்ததுலேருந்து கீழே முக்காலியிலதான் வைக்கிறேன். அதுக்கெல்லாம் கோவிச்சுக்கல, தங்கமான சாமி. நான் சந்தைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தட்டைத் துடைச்சு வெச்ச மாதிரி ஏத்துக்குது! ஒரு எறும்பு அண்டாது. தோங்தான் பக்கத்துலேயே உட்கார்ந்து காவல் காக்குது."

நிச்சா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிரயூன் நிதானமாக எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏன்டி, நம்ம வீட்டுச் சாமி குரைக்குமா?"