குளிர்காலத்துக்குச் சிவப்பு வீல்

"சிவப்பா? அதுவும் பனிக்காலத்துக்கா?"

யோஷிகி போட்ட சத்தத்தில் டயர் கடையே திரும்பிப் பார்த்தது.

"ஆமா, சிவப்புதான். எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் அவன் மனைவி மனாமி.

கல்யாணமான நாளிலிருந்து அலாய் வீலுக்குத் தவம் கிடந்தவன் அவன். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அதற்கு அவள் ஓட்டும் வெள்ளைக் குட்டிக் காருக்கு நல்லதாக நாலு வீல் மாட்டலாம் என்று அவன் வாயைத் திறந்தாலே போதும். "தீப்பெட்டிக்கு எதுக்குடா தங்க முலாம்?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

இன்று அவளே, "பனி டயர் தேஞ்சுபோச்சு, இரும்பு வீலும் துருப்பிடிச்சுக் கிடக்கு. வா, வீலோட புதுசா எடுத்துடலாம்" என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடக்கூட உட்காரவில்லை, சாவியோடு வாசலில் நின்றான்.

ஜப்பானின் வடக்கே அகிதாவில் முதல் பனி வரப்போகிறது என்று டிவியில் சொல்லிவிட்டால் டயர் கடையில் கால் வைக்க இடமிருக்காது. கடைக்காரர் ஒனோதெரா கழுத்துத் துண்டும் வியர்வையுமாக ஓடிக்கொண்டிருந்தார்.

யோஷிகி ஒவ்வொரு டயராக அமுக்கிப் பார்த்தான், பக்கவாட்டில் இருந்த தயாரிப்பு வருஷ எண்ணைக் குனிந்து படித்தான்.

"மனாமி, இது இந்த வருஷ ரப்பர்! தொட்டுப் பாரேன், மெத்துன்னு இருக்கு. ஐஸ் மேல பல்லி மாதிரி ஒட்டிக்கும்!"

"சரி, டயர் உன் இஷ்டம். வீல் என் இஷ்டம்."

"வீலும் பார்த்துட்டேன். அதோ, அந்த வெண்கலக் கலர். அதைக் கோடைக்கு வெச்சுப்போம். குளிருக்கு எல்லாரும் மாட்டுற கறுப்பு இரும்பு போதும்."

ஊர் வழக்கம் அதுதான். சாலையில் கொட்டுகிற உப்பும் சேறும் நல்ல வீலைத் தின்றுவிடும் என்பதால், மிடுக்கெல்லாம் கோடையோடு சரி.

"கோடைக்கு இருக்கிறதே போதும். குளிருக்குத்தான் எனக்குச் சிவப்பு வேணும்."

"சேத்துல விட்டு நாசம் பண்றதுக்கா?"

"நான் தினமும் கழுவிக்கிறேன்."

"நாற்பது வயசு ஆச்சு உனக்கு. பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"சின்னப் பொண்ணா ஆயிட்டேன்னு நினைப்பாங்க. நினைக்கட்டுமே!"

அதற்குள் ஒனோதெரா வந்தார். "மனாமி சான், சீக்கிரம் சொல்லுங்க. உங்க வண்டிக்குப் பொருந்துற சிவப்பு இந்த ஒரு செட்தான். காலையில ஒருத்தர் பார்த்துட்டு, வீட்டுக்காரம்மாவைக் கேட்டுட்டு வர்றேன்னு போயிருக்கார்."

"பாரு, அவர் எவ்வளவு நல்ல மனுஷன்!" என்றான் யோஷிகி.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. "அவர்தான்!" என்றார் ஒனோதெரா. மனாமி ஒரே பாய்ச்சலில் போய் அந்த நாலு வீல் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "இது எங்களோடது! எடுத்தாச்சு!"

யோஷிகிக்கு மானம் போயிற்று. மனாமியோடு வேலை பார்க்கும் ஹிசாயே போன மாதம் புது கார் வாங்கியது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"ஓஹோ, இப்பத்தான் புரியுது. ஹிசாயே கார் கண்ணை உறுத்துது, அதானே? இவ்வளவு பொறாமை ஆகாது மனாமி."

அவள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். "அப்படித்தான்னு வெச்சுக்கோயேன். மாட்டச் சொல்லு."

வெண்கல வீலைக் கடைசியாக ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு வந்தான் யோஷிகி. வெள்ளைக் குட்டிக் கார் லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு நின்றது. மனாமி அதை நாலு சுற்றுச் சுற்றி வந்து கைதட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே அவள் வண்டியை மலைப் பக்கம் திருப்பினாள்.

"எங்க போற? ஞாயிற்றுக்கிழமையாச்சே."

"பேசாம வா."

சரிவில் ஒரு தனி வீடு. ஜன்னலோரம் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். இவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் அந்த வீட்டைக் கடந்து போனது. அவர் அசையவில்லை. அடுத்து இவர்கள் கார் ஜன்னலுக்கு நேராக வந்தது. அவர் கண்ணாடியில் கையை வைத்து, மெல்ல எழுந்தார்.

"எந்திரிச்சுட்டார்! யோஷிகி, பார்த்தியா, எந்திரிச்சுட்டார்!" மனாமி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"யாரு அவர்?"

"கமடா தாத்தா, நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கிறவர். கண்ணு முக்கால்வாசி போயிடுச்சு, மத்ததெல்லாம் மங்கல், பளிச்னு சிவப்பு இருந்தா மட்டும்தான் தனியா அடையாளம் தெரியுது. போன குளிர்ல எந்த வெள்ளைக் கார் போனாலும் நான்தான்னு நினைச்சு வெளிய வந்து நிப்பார். ஊர்ல பாதி காரு வெள்ளை. ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டார்."

யோஷிகி கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஜன்னலில் நின்றவரை மறுபடி பார்த்தான்.

"வண்டிக்கூரையைப் பனி மூடிடும், சுத்துற சக்கரத்தை மூடாது" என்றபடி அவள் பெல்ட்டைக் கழற்றி, அவரைப் பிடிக்கக் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள். "சிவப்பு சக்கரம் வந்தா மட்டும் எந்திரிங்கன்னு போன வாரமே அவர்கிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு அந்த வீல் கிடைக்காம போயிருந்தா, அவர் யாருக்காகவும் எந்திரிச்சிருக்க மாட்டார்டா!"